மாடசாமி குடித்த நாற்பத்திரண்டு பீப்பாய்

பலவேசம் தன் மனைவி தங்கபுஷ்பத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில், அவன் கப்பலேறப் புறப்பட்ட காலையில், அவள் அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவனுடைய வலது கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றின் நீண்ட நுனியைப் பல்லால் கடித்துத் துப்பியபோதுதான்.

"கையையும் சேத்துக் கடிச்சிராத ஏட்டி. கப்பல்ல சமைக்க வேணும்" என்றான்.

"கடிக்க வேண்டிய கைதான்" என்றாள் அவள்.

பேருந்து கிளம்பியபோது அவள் கையசைக்கவில்லை. நாக்கில் ஒட்டிக்கொண்ட நூல் பிசிறை இரண்டு விரலால் எடுக்க முயன்றுகொண்டிருந்தாள், அது வரவில்லை, அவள் முகம் சுளித்தாள், அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது.

அது குடியை விடுவதற்குக் கட்டிய கயிறு. அவர்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவன், அல்லது விடவேண்டும் என்று யாருடைய பெண்டாட்டியாவது நினைக்கிற ஒருவன், தன் குலசாமி முன்னால் போய் நின்று கயிறு கட்டிக்கொள்வான். சாமியிடம் கெடுவும் பேசுவான். ஆறு மாதம் என்பான் ஒருவன், கோயில் திருவிழாவான கொடை நடக்கும் மூன்று நாள் நீங்கலாக என்பான் இன்னொருவன், மச்சினன் கல்யாணம் வருகிறது, அதை மட்டும் கணக்கில் சேர்க்காதே என்று கண்ணீர் விட்டுக் கேட்டவனும் உண்டு. சாமி எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டும். பலவேசமோ ஒத்தப்பனை மாடசாமி முன்னால் கற்பூரம் பாதி எரியும்வரை யோசித்து நின்றுவிட்டு, கெடு ஒன்றும் இல்லாமல், விலக்கு ஒன்றும் இல்லாமல், "மாடா, இனிமே என் கை தொடுத சரக்கு பூராவும் ஒனக்குத்தான்" என்று ஒரே மூச்சில் சொன்னான். தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் சுயம்பு, வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்தக் கோயிலின் பூசாரி, சாமி வந்து ஆடுகிறவரும் அவரே, பிறந்ததிலிருந்து சுக்குக் காப்பிக்கு மேல் எதையும் குடித்தறியாதவர், தங்கையின் புருஷன் இப்படித் திருந்துவான் என்று எதிர்பார்க்காமல் திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். பூசாரி போடும் முடிச்சு நிற்காது என்று தங்கபுஷ்பமே முடிச்சைப் போட்டாள்.

பலவேசம் சொன்னது கையை. வாயைச் சொல்லவில்லை.

கப்பலில் அவன் சமையல்காரன். இயந்திர அறையில் வேலை செய்த பர்மாக்காரன் ஒருவன் தினமும் வேலை முடிந்ததும் புட்டியோடு வருவான், பலவேசம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து வாயைத் திறப்பான், பர்மாக்காரன் ஒரு முழ உயரத்திலிருந்து, உதட்டில் படாமல், ஊரில் விருந்தாளி செம்பிலிருந்து தண்ணீர் குடிப்பதுபோல ஊற்றுவான். ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கபுஷ்பம் போனில் கேட்பாள்.

"தொட்டியளா?"

"இந்தக் கை ஒரு சொட்டுத் தொடல ஏட்டி."

அது சத்தியம்.  பிறகு அவள், "கழுத்து வலி இருக்கா?" என்று கேட்பாள். கப்பல் தலையணையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, இல்லை, நல்ல தலையணைதான் என்பான்.

ஒன்பதாவது மாதம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் நரம்பு வெடித்தது என்றார்கள். கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் பதினான்கு நாள் தூரத்தில் இருந்தது. காத்திருக்க முடியாது, எடுத்துவிட்டோம் என்று சுயம்பு அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, பலவேசம் அன்றிரவு இருபத்தொரு பேருக்குச் சமைத்தான், உப்பு சரியாக இருந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று அடுப்படியில் துண்டோடு காத்திருந்தும் பார்த்தான். பர்மாக்காரன் புட்டியோடு வந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டான். ஏமாற்றப்பட வேண்டியவளே இல்லாமல் போனபின் அண்ணாந்து நிற்பதில் ஒரு ருசியும் இல்லை.

அடுத்த துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினான். ஊருக்கும் போகவில்லை. ஒரு ஊரில் உருளைக்கிழங்கு உரித்தான், ஒரு ஊரில் மேசை துடைத்தான், மூன்று மொழிகளில் திட்டு வாங்கினான், எந்த மொழியில் எவர் திட்டினாலும் அது அவன் காதுக்குள் நுழைகிறபோது திருநெல்வேலித் தமிழாக மாறிவிடும், பதிலை அவன் தமிழில் சொல்ல அதுவும் அவர்களுக்கு எப்படியோ விளங்கிவிடும். இப்படிப் போய்ப் போய், அட்லாண்டிக் கடலில் கைக்குட்டை காயப்போட்டதுபோல் கிடந்த லுமேரா என்ற தீவில் கரையேறினான். அங்கே ஒரே ஒரு மதுக்கடை. மத்தியானம் கோயில் மணி அடித்துப் படகுகள் திரும்பும்போது திறக்கும், பொழுது விழுந்ததும் மூடும், ஏனென்றால் விடியுமுன் மறுபடி கடலுக்குப் போகவேண்டும். கடைக்காரி எர்மெலிந்தா, அறுபது வயது, வாயில் அணைந்த சுருட்டு. அவள் புருஷன் கசிமீரு தீவிலேயே பெரிய படகும் பெரிய தாகமும் உடையவர்.

அவன் போய் இறங்கிய நாளில்தான் ஆண்டுக்கு ஒரு முறை வரும் சரக்குப் படகும் வந்திருந்தது. அதில் ஒரு வருஷத்துக்கான கரும்புச் சாராயம், நாற்பத்திரண்டு பீப்பாய். இறக்குவதற்கு ஆள் இல்லை, ஏனென்றால் இறக்கவேண்டியவர்கள் எல்லாரும் அது வந்துவிட்ட சந்தோஷத்தில் பழைய மிச்சத்தைக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பலவேசம் ஒற்றை ஆளாக ஒவ்வொரு பீப்பாயாகக் கட்டிப்பிடித்து இறக்கி, உருட்டி, துடைத்து, கடையின் பின்சுவரோரம் அடுக்கினான்.

"எய்யா, ஊத்தத் தெரியுமா?" என்றாள் எர்மெலிந்தா.

"குடிக்கவன் வேண்டான்னு சொல்லுத வரைக்கும் ஊத்தத் தெரியும் மைனி."

"இங்க எவனும் சொல்லமாட்டான். நில்லு" என்று தன் உடுப்புக்கு முன்னால் கட்டியிருந்த மேலங்கியை அவிழ்த்து அவன் கழுத்தில் மாட்டினாள்.

தொட்டியளா என்று கேட்க இப்போது யாரும் இல்லை. அவன் தொட்டான், ஊற்றினான்.

முதல் நாள் யாருக்கும் போதை ஏறவில்லை. இரண்டாம் நாளும் ஏறவில்லை. மணமிருந்தது, தொண்டையில் எரிச்சல் இருந்தது, கண்ணில் நீர்கூட வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, குடித்தவன் குடிக்காதவனைப்போல் நேராக நடந்து வீட்டுக்குப் போனான், அங்கே அவனை யாரென்று நாய்க்குத் தெரியவில்லை. முதல் வாரம் பீப்பாயைச் சந்தேகப்பட்டார்கள், இரண்டாம் வாரம் நிலாவை, மூன்றாம் வாரம் தங்கள் ஈரலை. ஒரு மாதம் ஆனதும் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, மழை பெய்யாத வருஷத்தை எப்படிப் பொறுத்துக்கொள்வார்களோ அப்படிப் பொறுத்துக்கொண்டு, வழக்கம்போல் மணியடித்ததும் வந்து வழக்கம்போல் குடித்தார்கள். வருவதை நிறுத்தியிருக்கலாம், ஆனால் மத்தியானத்தில் வேறு எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. பலவேசம் பொரித்துக் கொடுத்த மிளகாய்ப்பொடி மத்தி மீனும் ஒரு காரணம்.

முப்பது வருஷமாக ஒருவருக்கொருவர் சொல்லிவந்த கதைகளை முதல்முறையாகக் கடைசிவரை கேட்டு, அவை ஒன்றும் அவ்வளவு நல்ல கதைகள் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். நாவிதனுக்குக் கை நடுக்கம் நின்றுவிட்டது, அதோடு அவன் காதுகளைக் கீறியதற்குச் சொல்லிவந்த சாக்கும் போயிற்று. ஞாயிறு பூசைக்கு ஆண்கள் முண்டியடித்தார்கள், ஏனென்றால் பாதிரியாரிடமிருந்த ஒரு சிறு கரண்டித் திராட்சை இரசம் மட்டும் இன்னமும் வேலை செய்தது. பாதிரியார் இதை இறைவனின் கருணை என்று பிரசங்கம் செய்தார், கரண்டியைச் சின்னதாக்கினார். கசிமீரு ஒருநாள் படுக்கையில் மல்லாந்து படுத்திருந்தவர், மேலே வானம் தெரிவதைக் கண்டார்.

"இந்தக் கூர எப்பம் ஓட்டையாச்சு?"

"நம்ம கல்யாணத்தன்னைக்கு" என்றாள் எர்மெலிந்தா.

நான்காம் மாதம் பலவேசத்தின் போன் அடித்தது. சுயம்பு.

"மாப்ள, நீங்க அங்க என்ன வேல பாக்கியோ?"

"கடையில ஊத்துதேன் மச்சான்."

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது. தை மாதத்திலிருந்து பொழுது சாய்ந்தால் போதும், உடுக்கு இல்லை, மேளம் இல்லை, சுயம்புவின் மேல் மாடசாமி வந்து இறங்குகிறது, அதுவும் முழுப்போதையில். ஊர் விளங்காத ஏதோ பாஷையில் படகோட்டும் பாட்டுப் பாடுகிறது. சுருட்டு வேண்டாமாம், ஆலிவ் காய் வேண்டுமாம், அது என்ன காய் என்று ஏழு ஊரில் விசாரித்தும் தெரியவில்லை. இத்தனை சரக்கை யார் அனுப்புவது என்று கேட்டதற்கு, தங்கபுஷ்பத்தின் புருஷன், சொன்ன சொல் தவறாத ஆள், கை தொட்டதெல்லாம் சொட்டுவிடாமல் வந்து சேருகிறது என்று சொல்லிவிட்டு விக்கியதாம்.

"ஊருல என்ன சொல்லுதாவ மச்சான்?"

"ஊருக்கென்ன, ஊருக்குக் கொண்டாட்டம்" என்றார் சுயம்பு. "முன்னால அதட்டும், சாபம் விடும். இப்பம் எல்லாரையும் கட்டிப்புடிச்சு முத்தம் கொடுக்கு. ரெண்டு தலமுறையா பேச்சுவார்த்த இல்லாத மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒண்ணா உக்காந்து சிரிக்கி. வயித்துவலியோட வந்த பொம்பளைக்கி, ஒனக்கு ஒண்ணும் இல்ல, ஒம் மாமியார்தான் ஒனக்கு வலின்னு சொல்லி அனுப்பிட்டு. எல்லாருக்கும் சரி. காலையில தலவலி எனக்குல்லா வருது. மூணாங்கிளாஸ் பிள்ளையளுக்கு முன்னால நான் மோருச்சட்டியோட நிக்கேன்."

பலவேசம் இதை எர்மெலிந்தாவிடம் சொன்னான், அவள் கசிமீருவிடம் சொன்னாள், அன்று பொழுது விழுமுன் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. காரணம் கிடைத்ததில் நிம்மதிதான். அந்தச் சாமிக்கு மீசை உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றான், படம் கேட்டார்கள், சுயம்பு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டி, குடிக்குமுன் அதைப் பார்த்து ஒருமுறை தம்ளரைத் தூக்கினார்கள்.

"அவராவது நல்லா இருக்காரா?" என்றார் கசிமீரு.

"ரொம்ப நல்லா இருக்காராம் அண்ணாச்சி."

"அப்பஞ் சரி. இவ்வளவு சரக்குக்கு யாராச்சும் ஒருத்தன் நல்லா இருக்கணும்."

நாவிதன் மட்டும் ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, ஒரே வெட்டு, எல்லாருக்கும் விடுதலை என்றான். பலவேசம் கையை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டான்.

"நீரு எதை வேணாலும் வெட்டும் வே. இது அவ கடிச்ச நுனி."

அவர்களும் விட்டுவிட்டார்கள். அடுத்த படகு வரும்போது இவன் கையைக் கட்டிப் போட்டுவிட்டால் போகிறது என்று இருந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் கசிமீரு செத்தார். முப்பத்தைந்து வருஷம் போதையில் பாய்மரம் ஏறியும் ஒரு கீறல் படாத மனிதர், முழுத் தெளிவோடு ஏணி வைத்துக் கூரை மேல் ஏறி, பாதி ஓடு மாற்றி, மீதிப் பாதிக்கு நகர்ந்தபோது வழுக்கி விழுந்தார். "தெளிஞ்சவன ஏணியில ஏத்தலாமா" என்றாள் எர்மெலிந்தா.

லுமேராவில் ஒரு வழக்கம். இறந்தவரைக் கவிழ்த்த படகின் மேல் கடற்கரையில் கிடத்துவார்கள். பெண்கள் அழுவது வீட்டுக்கு, ஆண்கள் அழுவது கடலுக்கு. ஆண்கள் அழுதால்தான் உடலைத் தூக்கலாம், அழாமல் தூக்கினால் இறந்தவர் கடலோரத்திலேயே நின்றுகொண்டிருப்பார், வலைகளை எண்ணிக்கொண்டு. அந்தத் தீவில் குடிக்காமல் எந்த ஆணும் அழுததில்லை. அதற்கு அவர்களுக்கு வேறு வழி யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இரண்டு பீப்பாய் குடித்தார்கள். படகைச் சுற்றி நின்று, கசிமீரு நல்ல மனிதர் என்றார்கள், குறட்டை விடுவார் என்றார்கள், காற்று வடக்கிலிருந்து வீசுகிறது என்றார்கள். ஒருவன் கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான், சிவந்ததே தவிர நனையவில்லை. பாதிரியாரின் கரண்டியும் பூசைப்புட்டியும் முதல் மணி நேரத்திலேயே காலியாகியிருந்தன. மறுநாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் வெயில் ஏறியபோது காற்று தெற்கே திரும்பியது, எல்லாரும் நாலடி பின்னால் நகர்ந்தார்கள்.

எர்மெலிந்தா கடைக்குள் வந்தாள். அவள் கையில் நாவிதனின் கத்தரிக்கோல் இருந்தது.

"எய்யா, கையை நீட்டு."

பலவேசம் அவளைப் பார்த்தான். தங்கபுஷ்பத்தை எடுத்தபோது யார் அழுதார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அழவில்லை என்பது மட்டும் தெரியும். அவளும் எங்கேயாவது நின்றுகொண்டு எதையாவது எண்ணிக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தான். கையை மேசைமேல் வைத்தான்.

"அறுத்துரும் மைனி. உத்தரவு மட்டும் ஒண்ணு கேட்டுக்கிடுதேன்."

அங்கே பொழுது சாய்ந்திருக்கும். சுயம்புவின் போன் முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"மச்சான், கயித்த அறுக்கணும். இங்க ஒரு சாவு."

"மச்சான் இல்லல" என்றது குரல். சுயம்புவின் குரல்தான், ஆனால் கரகரத்து, அகலமாக, இரண்டு பீப்பாய் உள்ளே போன குரல். "மாடன். ரெண்டு நாளா என்னல இப்படி மொத்தமா அனுப்புதே? பொரிச்ச மீன அனுப்பத் துப்பில்ல."

பலவேசம் எர்மெலிந்தாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தான். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் யாரிடம் சொல்வது.

"மாடா, நான் ஒன்ன ஏமாத்துனேன். அவளையும் ஏமாத்துனேன். கையத்தான் சொன்னேன், வாயச் சொல்லல. ஒன்பது மாசமும் அண்ணாந்து குடிச்சேன். தொடலன்னு சொன்னேன். அவ அத நம்பிக்கிட்டே போயிட்டா."

எதிர்முனையில் ஒரு விக்கல். பிறகு சிரிப்பு, கோயில் மணி உருண்டு விழுந்ததுபோல.

"லேய் மடையா. நீ கப்பலேறுன மறுநா அவ தனியா வந்தா. ஒரு தேங்கா ஒடச்சா, அதுவும் அழுகல். 'அவிய கையத்தான் சொல்லிருக்காவ, வாயச் சொல்லல. அண்ணாந்து குடிப்பாவ, எனக்குத் தெரியும். நீ கண்டுக்கிடாத. அடுத்தவன் ஊத்துனாத்தான் குடிக்க முடியும்னா, அவன் கை வலிச்சா நிறுத்துவாம்லா, அம்புட்டுக் கொறஞ்சாப் போதும்'னா. போறவ திரும்பி வந்து, 'கழுத்து மட்டும் சுளுக்காமப் பாத்துக்க'ன்னா. நான் பாத்துக்கிட்டேன். சுளுக்கிச்சா?"

"இல்ல" என்றான் பலவேசம்.

கழுத்து வலி இருக்கா. முப்பத்தாறு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். முப்பத்தாறு முறையும் அவன் தலையணை நல்ல தலையணை என்று சொன்னான்.

அதற்குப் பிறகு அவனுக்கு என்ன நடந்தது என்று அவனால் சரியாகச் சொல்லமுடியாது. கடைக்குள் நின்றவன் எப்போது கடற்கரைக்கு வந்தான் என்றும் தெரியாது. போன் கையிலேயே இருந்தது, அதிலிருந்து மாடசாமி மீனு, மீனு என்று கேட்டுக்கொண்டிருந்தது. பலவேசம் கவிழ்த்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுதை கத்துவதுபோல, மூக்கு ஒழுக, மேலங்கியால் துடைக்க, துடைத்த இடத்தில் மறுபடி ஒழுக, கொஞ்சமும் பார்க்க நன்றாக இல்லாத ஓர் அழுகை அழுதான். ஆண்கள் முதலில் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"இவன் எங்க குடிச்சான்? யாருட்ட இருக்கு?" என்றான் நாவிதன்.

பலவேசத்தின் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தான். மத்தி மீன் வாடைதான் வந்தது. முகர்ந்தவன் நிமிரவில்லை. அப்படியே அவன் தோளில் நெற்றியை வைத்து, எப்போதோ செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொன்னான். பிறகு அடுத்தவன், பிறகு அவனுக்கு அடுத்தவன். வெறும் வயிற்றில், முழுத் தெளிவில், தங்களுக்கு என்ன நேர்கிறது என்று நன்றாகத் தெரிந்தே அழவேண்டியிருந்ததில் அவர்களுக்குக் கோபம், கோபத்தோடே அழுதார்கள். அழுதுகொண்டே தூக்கினார்கள். அவர் கனம் அவ்வளவு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன் யாரையும் போதையில்லாமல் தூக்கியதில்லை.

எர்மெலிந்தா கத்தரிக்கோலை நாவிதனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

தை மாதம் சரக்குப் படகு வந்தபோது பலவேசம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பழைய பழக்கம், தூரத்தில் நின்றான். மற்றவர்கள் இறக்கினார்கள். அன்று சாயங்காலமே நாவிதன் ஒரு காதைக் கீறினான், பூசைக்கு வரும் கூட்டம் அடுத்த வாரமே குறைந்தது. புதுப் பீப்பாய்களிலிருந்து எர்மெலிந்தா ஊற்றுகிறாள், பழையதிலிருந்து, வெள்ளிக்கிழமைகளில் மட்டும், பலவேசம். கூரையில் பாதி ஒழுகவில்லை, பாதி ஒழுகுகிறது, அதை அவள் யாரையும் தொடவிடுவதில்லை. சுயம்புவுக்கு இப்போது தலைவலி வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மட்டும், பள்ளிக்கூடம் அன்றைக்கு விடுமுறை. கொடைக்கு வருகிறேன், உப்பிட்ட மத்தி கொண்டுவருகிறேன் என்று பலவேசம் சொல்லியிருக்கிறான்.

பழைய நாற்பத்திரண்டில் மூன்று பீப்பாய் மீதி இருக்கிறது. மறுநாள் விடியுமுன் தெளிவோடு படகெடுக்க நினைக்கிறவர்கள் அன்று அதில்தான் குடிக்கிறார்கள்.